மருந்தில்லாப் பிரசவம்: மருத்துவமனையில் முதல் பிள்ளை பெறப்போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய அனைத்தும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2019-21-இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அந்த விகிதம் 99.6 விழுக்காடு. அதே கணக்கெடுப்பு, மாநிலத்தில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன் என்றும், தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 63.8 விழுக்காடு என்றும் காட்டுகிறது. இப்படிப்பட்ட சூழலில் ஊசி மருந்து எதுவும் இல்லாமல் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று ஒரு பெண் விரும்புவது நியாயமானதே. அந்த விருப்பம் நிறைவேறுவதற்கு வலி தாங்கும் மனஉறுதி வேண்டும்தான். ஆனால் எந்த மருத்துவமனை, உள்ளே யார் துணை, வீட்டிலிருந்து எப்போது கிளம்புவது, மருத்துவரிடம் முன்கூட்டியே என்ன பேசி வைத்திருக்கிறோம் என்ற ஏற்பாடுகளுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. இக்கட்டுரை பெரும்பாலும் அந்த ஏற்பாடுகளைப் பற்றியது.

எந்த மருந்து வேண்டாம் என்கிறோம்?

மருந்தில்லாப் பிரசவம் பற்றி இணையத்தில் காணக்கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ எடுக்கப்பட்டவை. அங்கே பேச்செல்லாம் எபிடூரலைப் பற்றியது, அதாவது முதுகுத்தண்டில் போடப்படும் வலி மரத்துப்போகும் ஊசியைப் பற்றியது. நம் ஊர் நிலைமை வேறு. அரசு மருத்துவமனைகளிலும் சிறிய தனியார் மருத்துவமனைகளிலும் எபிடூரல் என்பது கேட்டாலும் எளிதில் கிடைக்காத ஒன்று. இங்கே கேட்காமலே வருவது வலியைக் கூட்டும், பிரசவத்தை விரைவுபடுத்தும் மருந்துகள்தான். வலி வரவைப்பதற்காகக் கருப்பை வாயில் வைக்கப்படும் ஜெல், மாத்திரை, வந்த வலியைக் கூட்டுவதற்காக ட்ரிப்ஸில் கலந்து ஏற்றப்படும் ஆக்ஸிடோசின், கருப்பை வாய் விரைவாகத் திறக்கட்டும் என்று போடப்படும் ட்ரோட்டாவெரின், எபிடோசின் போன்ற ஊசிகள் ஆகியவை பல இடங்களில் வாடிக்கையாகிவிட்டன.

இந்த வேறுபாட்டை முதலில் புரிந்துகொள்வது மிக முக்கியம். தானாக வரும் வலி மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, இறங்கி, இடைவெளி தரும். அந்த இடைவெளியில்தான் உடல் மூச்சு வாங்கிக்கொள்கிறது. ஆக்ஸிடோசின் ஏறும்போது வலிகள் வலுவாகவும் நெருக்கமாகவும் வருகின்றன, குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருப்பதால் வயிற்றில் பட்டையைக் கட்டிப் படுக்கையிலேயே இருக்கவும் நேர்கிறது. வலியைக் கூட்டும் மருந்து ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, வலியைக் குறைக்கும் மருந்தை மட்டும் மறுத்துக்கொண்டு படுத்திருப்பதைப் போலக் கடினமான வழி வேறில்லை. ஆகவே உங்கள் முதல் இலக்கு, தேவையில்லாமல் வலியைக் கூட்டும் சிகிச்சையைத் தவிர்ப்பதாக இருக்க வேண்டும். அது கைகூடினால், வலியைக் குறைக்கும் ஊசி இல்லாமல் பெறுவது பெரும்பாலான பெண்களுக்கு எட்டக்கூடியதாகிவிடும்.

அதே வேளையில், மறுக்கக் கூடாத மருந்துகளும் உண்டு. குழந்தை பிறந்தவுடன் தாயின் தொடையிலோ தோளிலோ போடப்படும் 10 யூனிட் ஆக்ஸிடோசின், உதிரப்போக்கைத் தடுத்து உயிர் காப்பது. அது பிரசவ வலியைக் கூட்டுவதற்காக முன்பே ஏற்றப்படுவதிலிருந்து வேறானது. அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். தையல் போடுவதற்கான மரப்பு ஊசியும், தாயின் இரத்தம் நெகட்டிவ் வகையாகவும் குழந்தையினுடையது பாசிட்டிவ் வகையாகவும் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியும் அப்படிப்பட்டவையே.

மருந்து வேண்டாம் என்பது மருத்துவமனை வேண்டாம் என்பதாகிவிடக் கூடாது. 2018-இல் திருப்பூரில் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே நடத்தப்பட்ட ஒரு பிரசவத்தில், உதிரப்போக்கு நிற்காமல் தாய் இறந்துபோனார். எல்லாம் நலமாகச் சென்ற பிரசவத்திலும் நஞ்சுக்கொடி விழும் நேரத்தில் சில நிமிடங்களில் நிலைமை மாறக்கூடும் என்பதால்தான், இரத்தமும் மருந்தும் அறுவை அரங்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறோம்.

உங்கள் கர்ப்பம் இதற்கு ஏற்றதா?

ஒற்றைக் குழந்தை, தலை கீழ்நோக்கிய நிலை, கருப்பை வாயை மறைக்காத நஞ்சுக்கொடி, கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும், 37 வாரங்களைக் கடந்த கர்ப்பம் ஆகியவை அமைந்தால், பொதுவாக நீங்கள் மருந்தில்லாப் பிரசவத்துக்கு முயலலாம். இரத்த அழுத்தம் கூடியிருந்தாலோ, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தாலோ, குழந்தையின் வளர்ச்சி குறைந்திருந்தாலோ, முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலோ முடிவை மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். அவற்றுள் சிலவற்றில் வலி வரவைப்பது நியாயமான சிகிச்சையாகவே இருக்கும்.

பலரும் கவனிக்கத் தவறுவது இரத்தச்சோகை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அது சோகை. குறைந்த இரத்தத்தோடு பிரசவ அறைக்குப் போகிற பெண்ணுக்குச் சாதாரண உதிரப்போக்கே ஆபத்தாகிவிடும் என்பதால் மருத்துவர்கள் அவளிடம் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டோடு காபி, தேநீர் குடித்து வீணாக்காமல், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்து ஏழாம் மாதத்துக்குள் அளவை ஏற்றிவிடுங்கள். மாத்திரைக்கு ஏறவில்லை என்றால் ட்ரிப்ஸ் வழியாக இரும்புச்சத்து ஏற்றிக்கொள்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தல்

நம் வழக்கப்படி வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும்போது மருத்துவரும் மாறிவிடுகிறார். ஏழெட்டு மாதம் பார்த்தவர் ஓர் ஊரில், பிரசவம் பார்ப்பவர் வேறு ஊரில் என்றாகும்போது, புதிய மருத்துவரிடம் எதையும் பேசி வைக்க நேரம் இருப்பதில்லை. வளைகாப்பு ஒன்பதாம் மாதத்தில் என்றாலும், தாய்வீட்டுப் பக்கத்து மருத்துவமனைக்கு 32 வாரத்துக்குள் ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்த்துப் பதிந்துகொள்வது நல்லது. கர்ப்பத்தை அரசுப் பதிவில் சேர்க்கும்போது தரப்படும் பிக்மி எண் எந்த ஊரில் பதியப்பட்டிருந்தாலும் அதே எண்ணை இங்கேயும் காட்ட வேண்டும்.

தனியார் மருத்துவமனைதான் நல்லது என்ற எண்ணம் மருந்தில்லாப் பிரசவத்தைப் பொறுத்தவரை எப்போதும் சரியாக இருப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிக்கலில்லாத பிரசவங்களை அனுபவம் வாய்ந்த செவிலியர்களே பார்க்கிறார்கள், அறுவை அரங்கு இல்லாத இடத்தில் அவசரப்பட்டு அறுவைக்குப் போகும் வாய்ப்பும் இல்லை. சிக்கல் என்றால் 108 வண்டியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே குறை, கூட்டமும் தனிமையின்மையும். சில இடங்களில் வலியில் கத்தும் பெண்ணிடம் கடுஞ்சொல் பேசுகிற வழக்கம் இன்னும் போகவில்லை என்பதும் உண்மை. ஆகவே அதே மருத்துவமனையில் அண்மையில் பிள்ளை பெற்ற பெண்கள் இரண்டு மூன்று பேரிடம், “உள்ளே உங்களை எப்படி நடத்தினார்கள்? எழுந்து நடக்க விட்டார்களா? கூட யாரை அனுமதித்தார்கள்?” என்று விசாரியுங்கள்.

மருத்துவரிடம் 34-ஆம் வாரச் சந்திப்பிலேயே சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். கேட்கும் தொனி முக்கியம். சட்டம் பேசுவதைப் போலக் கேட்டால் எந்த மருத்துவரும் சுருங்கிப் போவார். “டாக்டர், எல்லாம் நலமாக இருந்தால் தானாக வலி வரும்வரை காத்திருக்க ஆசைப்படுகிறேன். குறித்த தேதி தாண்டினால் எத்தனை நாள் வரை பார்ப்பீர்கள்?” என்று தொடங்கலாம். அடுத்து, வலியைக் கூட்டும் ட்ரிப்ஸை எல்லோருக்கும் போடுவார்களா, தேவைப்பட்டால் மட்டுமா. பிரசவ அறையில் எழுந்து நடக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா. கூட இருப்பவர் கடைசிவரை இருக்கலாமா. பிறப்புறுப்பில் கத்தரி வைப்பது எல்லோருக்குமா. குழந்தையை உடனே மார்பில் போடுவார்களா என்று கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்புப் பரிந்துரைகள், சிக்கலில்லாத பிரசவத்தில் எல்லோருக்கும் கத்தரி வைப்பதும், எனிமா கொடுப்பதும், முடி மழிப்பதும், முக்கும்போது வயிற்றின் மேல் கையால் அழுத்துவதும் வேண்டாம் என்றே சொல்கின்றன. நடப்பதையும் நீர் அருந்துவதையும் உணவு உண்பதையும் ஆதரிக்கின்றன. நீங்கள் கேட்பது எதுவும் விசித்திரமானது அல்ல.

“அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்மா” என்று மட்டும் பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். வேறு மருத்துவமனை பார்ப்பதற்கு 34-ஆம் வாரத்தில் இன்னும் நேரம் இருக்கிறது, 39-ஆம் வாரத்தில் இருக்காது. ஒத்துக்கொண்ட விஷயங்களை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி உங்கள் கர்ப்பகாலப் பதிவேட்டோடு இணைத்து வையுங்கள். நீங்கள் போகும் நேரத்தில் பணியில் இருப்பவர் வேறொருவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

உடலையும் மூச்சையும் பழக்குதல்

இதற்கென்று புதிதாக ஒரு பயிற்சித் திட்டம் தேவையில்லை. நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பது, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காய் நறுக்குவது, முழங்கால் அனுமதித்தால் குந்தி உட்கார்ந்து எழுவது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி இடுப்பை மெல்ல அசைப்பது ஆகியவை போதும். முதல் பிரசவக்காரர்கள் 35-ஆம் வாரத்திலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று முறை, சுத்தமான கையில் தேங்காய் எண்ணெய் தொட்டு, பிறப்புறுப்பின் கீழ்ப்புறத் தசையை உள்ளிருந்து மெல்ல இழுத்து நீவிவிடுவது தையல் போடும் வாய்ப்பைக் குறைக்கும். வெட்கத்தினால் இதை யாரும் பேசுவதில்லை. வலி வரவைக்க விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்லும் பாட்டிமார்களுக்கு மட்டும் பணிவாக மறுப்புச் சொல்லுங்கள். அது வயிற்றுப்போக்கில் உடலின் நீரை வற்றவைத்து, நீங்கள் களைத்துப்போன நிலையில் பிரசவ அறைக்குப் போகும்படி செய்துவிடும்.

மூச்சைப் பழக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பனிக்கட்டியை உள்ளங்கையில் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் இருந்து பாருங்கள். இருபதாவது விநாடியில் கை எரியும், தோள் காதை நோக்கி ஏறும், பல் கடிபடும். அந்த இடத்தில்தான் பயிற்சி தொடங்குகிறது: தாடையைத் தளர்த்தி, தோளை இறக்கி, மூக்கால் இழுத்து, உள்ளே இழுத்ததைவிட நீளமாக வாயால் ஊதிவிட வேண்டும். ஒரு பிரசவ வலி ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் நீடிக்கும், அதன்பின் கட்டாயம் இடைவெளி வரும் என்பதை உடலுக்குப் புரியவைக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. வாரத்தில் நாலைந்து நாள், கணவரையோ அக்காவையோ பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள்.

துணை யார்?

அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணையை அனுமதிக்கலாம் என்று 2016-இல் ஒன்றிய அரசு அறிவித்தது. அந்தத் துணை தானும் பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும் என்பதும், தனியறை வசதி உள்ள இடங்களில் கணவரை அனுமதிக்கலாம் என்பதும் அதன் விதிகள். தொடர்ந்து ஒருவர் பக்கத்தில் இருப்பது வலி மருந்தின் தேவையையும் சிசேரியன் வாய்ப்பையும் குறைக்கிறது என்பது பல நாடுகளில் உறுதிசெய்யப்பட்ட செய்தி. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், நல்ல துணையை ஏற்பாடு செய்யுங்கள் என்றே சொல்வேன்.

ஆனால் அந்தத் துணை உங்கள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மகள் துடிப்பதைத் தாங்க முடியாமல், “பிள்ளை படுற பாட்டைப் பார்க்க முடியலை, ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்” என்று முதலில் அழுகிறவர் பெரும்பாலும் அம்மாதான். பதற்றப்படாத அக்கா, சித்தி, அத்தை, அண்ணி, இவர்களில் ஒருவரை உள்ளே அனுப்பிவிட்டு, அம்மாவை வெளியே சாப்பாட்டுப் பையோடு உட்காரவைப்பது எல்லோருக்கும் நல்லது. இதை அம்மாவின் மனம் கோணாமல் எட்டாம் மாதத்திலேயே பேசிவிட வேண்டும்.

துணையாக வருபவர் கற்றுக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். வலி ஏறும்போது முதுகின் அடிப்பகுதியில், இரு பிட்டங்களுக்கு மேலே உள்ள தட்டையான எலும்பின் மீது உள்ளங்கையின் அடியை வைத்து, தம் உடலின் பாரத்தைச் சாய்த்து அழுத்த வேண்டும். தடவிக் கொடுப்பது போதாது, சுவரைத் தள்ளுகிற அளவுக்கு அழுத்தம் வேண்டும். ஒவ்வொரு வலிக்குப் பின்னும் ஒரு வாய் தண்ணீரோ இளநீரோ கஞ்சியோ கொடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போக வேண்டும், ஏனென்றால் நிறைந்த சிறுநீர்ப்பை குழந்தையின் தலை இறங்குவதைத் தடுக்கும். “அவ்வளவுதான், இந்த வலி போயிடுச்சு” என்பதற்கு மேல் பேச்சு எதுவும் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன ஆனது என்ற கதையை அங்கே சொல்லவே கூடாது.

பை, காகிதம், வண்டி

36-ஆம் வாரத்தில் பையைக் கட்டிவிடுங்கள். பிக்மி எண் உள்ள தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஆதார் ஆகியவை ஒரே உறையில் இருக்கட்டும். முன்பக்கம் திறக்கும் நைட்டிகள், பழைய பருத்தி வேட்டித் துணி, பெரிய நாப்கின், தண்ணீர் பாட்டில், பேரீச்சம்பழம், குழந்தைக்குத் துவைத்து வெயிலில் காயவைத்த துணிகள் போதும். இரவு இரண்டு மணிக்கு வரக்கூடிய வண்டியின் எண்ணையும், அது வராவிட்டால் 108 என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

வலி எடுக்கும்போது

ஒன்பதாம் மாதத்தில் வந்து போகும் சூட்டு வலி, நடந்தாலோ படுத்தாலோ சீரகத் தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும். இடைவெளி ஒழுங்காக இருக்காது. உண்மையான பிரசவ வலி பெரும்பாலும் முதுகில் தொடங்கி முன்பக்கம் சுற்றி வரும், எதைச் செய்தாலும் அடங்காமல் நேரம் ஆக ஆக வலுத்து, நீண்டு, நெருங்கும். சளி போன்ற கசிவில் இரத்தக்கீற்று தெரிவது பிரசவம் நெருங்குவதன் அறிகுறி. ஆனால் அதன்பின் வலி தொடங்க ஓரிரு நாள் ஆனாலும் ஆகலாம்.

முதல் பிரசவத்தில் தொடக்கக் கட்டம் ஒரு நாள் முழுவதும்கூட நீளும். இந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்கு ஓடுவதுதான் பல மருந்தில்லாப் பிரசவத் திட்டங்கள் கலைந்துபோவதற்குக் காரணம். இரண்டு செ.மீ. மட்டுமே திறந்த நிலையில் படுக்கையில் சேர்த்துவிட்டால், ஆறு மணி நேரம் கழித்தும் பெரிய மாற்றம் இல்லாதபோது “வலி பத்தலை, ட்ரிப்ஸ் போடலாம்” என்ற பேச்சு இயல்பாகவே வந்துவிடும். கருப்பை வாய் 5 செ.மீ. திறப்பதற்கு முன் முன்னேற்றம் மெதுவாக இருப்பது இயற்கை என்றும், மணிக்கு ஒரு செ.மீ. என்ற பழைய கணக்கு எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகளே கூறுகின்றன. ஆகவே தாயும் குழந்தையும் நலமாக இருந்து, மருத்துவமனையும் அருகில் இருந்தால், தொடக்கக் கட்டத்தை வீட்டிலேயே கழியுங்கள். இட்லியோ இரசம் சாதமோ சாப்பிடுங்கள், வெந்நீரில் குளியுங்கள், இரவாக இருந்தால் இடைவெளிகளில் தூங்க முயலுங்கள். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரமாகத் தொடர்கிறது, வலியின்போது பேச முடியவில்லை என்றால் கிளம்புங்கள். ஊரிலிருந்து மருத்துவமனை ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

பனிக்குடம் உடைந்துவிட்டால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தாலும், பீரியட் போல இரத்தம் போனாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், கடுந்தலைவலியோடு கண் மங்கினாலும், 37 வாரத்துக்கு முன் வலி வந்தாலும், வீட்டில் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. அங்கே மருந்தில்லாப் பிரசவத் திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே கிளம்புங்கள்.

பிரசவ அறையில்

உள்ளே போனதும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், குழந்தையின் துடிப்பைக் கேட்பார்கள், கையுறை மாட்டி உள்பரிசோதனை செய்வார்கள். “இரண்டு விரல்”, “மூன்று விரல்” என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கருப்பை வாய் திறந்த அளவு; ஒரு விரல் என்பது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. உள்பரிசோதனையின்போது கால்களை இறுக்காமல், நீளமாக மூச்சு விட்டால் வலி குறையும். சிக்கலில்லாத நிலையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு பரிசோதனை போதுமானது, குழந்தையின் துடிப்பையும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை கருவி வைத்துக் கேட்டால் போதும். கையில் ஊசிக்குழாயை மட்டும் பொருத்திவிட்டு ட்ரிப்ஸ் ஏற்றாமல் வைத்திருக்கச் சொல்லிக் கேட்கலாம். அவசரத்துக்கு வழியும் இருக்கும், நடமாடவும் முடியும். ஊசியோடு யாராவது வந்தால், “சிஸ்டர், இது என்ன ஊசி? எதற்கு?” என்று உங்கள் துணை மெல்லக் கேட்கட்டும். கேட்பது உங்கள் உரிமை, அதைச் சண்டையாக்காமல் கேட்பது சாமர்த்தியம்.

5 செ.மீ. தாண்டியபின் பிரசவம் வேகமெடுக்கும். முதல் பிரசவத்தில் இந்தக் கட்டம் பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. மல்லாந்து படுப்பதைத் தவிருங்கள். கருப்பையின் பாரம் பெரிய இரத்தக்குழாயை அழுத்துவதோடு வலியும் கூடும். கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக் குனிந்து நின்று இடுப்பை வட்டமாக அசைப்பது, துணையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவது, தலையணை மேல் சாய்ந்து முழங்காலிடுவது, களைத்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது என்று அரை மணிக்கு ஒரு முறை நிலையை மாற்றுங்கள். சத்தம் வந்தால் அடக்க வேண்டாம், ஆனால் அது அடிவயிற்றிலிருந்து எழும் தாழ்ந்த முனகலாக இருக்கட்டும். கீச்சென்ற அலறல் தொண்டையையும் இடுப்பையும் சேர்த்து இறுக்குகிறது.

திறப்பு 8 செ.மீ.யிலிருந்து முழுமையாகும் வரையிலான நேரம் மிகக் கடினமானது. உடல் நடுங்கும், குமட்டும், வேர்க்கும். வலிக்கும் வலிக்கும் இடையே கண் திறக்கவும் முடியாது. நான் துணை நின்ற பிரசவங்களில், “என்னால முடியாது, ஏதாவது ஊசி போடுங்க” என்ற வார்த்தை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வந்திருக்கிறது. இதைத் துணை முன்பே அறிந்திருக்க வேண்டும். அந்தச் சொல் பிரசவம் முடிவை நெருங்கிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். அந்த நேரத்தில் ஒரு பரிசோதனை செய்து பார்க்கச் சொல்லிவிட்டு, அடுத்த மூன்று வலிகளை மட்டும் கடக்கலாம் என்று சொல்லுங்கள். மூன்றுக்குப் பின் மறுபடியும் மூன்று. அப்போதும் அவள் தெளிவாக மருந்து கேட்டால், பரிசோதனை முடிவை அவளிடம் சொல்லிவிட்டுக் கிடைக்கும் மருந்தைக் கொடுத்துவிட வேண்டும். திட்டம் அவளுடையது, அதை மாற்றும் உரிமையும் அவளுடையதே.

முக்கும் நேரம்

கருப்பை வாய் முழுதாகத் திறந்தபின், மலம் கழிக்க வேண்டும் போன்ற கட்டுக்கடங்காத உந்துதல் தானாக வரும். அது வரும்வரை காத்திருந்து, வந்தபின் அதோடு சேர்ந்து முக்குவதே சிறந்தது. “மூச்சைப் பிடிச்சு முக்கும்மா!” என்று சுற்றி நின்று எல்லோரும் குரல் கொடுக்கும்போதும், உந்துதலின் உச்சத்தில் மட்டும் முக்கிவிட்டு, இடைவெளியில் முழுதாக ஓய்வெடுங்கள். மலம் சிறிது வெளியேறலாம். செவிலியர்கள் அதை நாள்தோறும் பார்ப்பவர்கள், கூச்சப்பட்டு அடக்கினால் குழந்தை இறங்காது. முதல் பிரசவத்தில் இந்தக் கட்டம் மூன்று மணி நேரம் வரை நீளலாம். அனுமதித்தால் ஒருக்களித்தோ குந்தியோ முக்கலாம். பல மருத்துவமனைகளில் கடைசியில் மல்லாத்தித்தான் பார்ப்பார்கள், அப்படியானால் தலைப்பகுதியையாவது உயர்த்திவைக்கச் சொல்லுங்கள்.

தலை வெளிவரும் தருணத்தில் சுற்றிலும் நெருப்பாக எரியும். அப்போது முக்குவதை நிறுத்தி, வாயைத் திறந்து நாய் இளைப்பது போலச் சின்னச் சின்னதாக மூச்சு விட வேண்டும். தலை மெல்ல வெளிவந்தால் கிழிசல் குறையும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைக் கீழ்ப்புறத் தசையில் வைத்துப் பிடிக்கச் சொல்லிக் கேட்கலாம், அது எரிச்சலையும் பெரிய கிழிசலையும் குறைக்கும்.

திட்டம் மாறினால்

குழந்தையின் துடிப்பு இறங்கி ஏறாமல் இருப்பது, பனிக்குட நீர் பச்சையாவது, தாய்க்குக் காய்ச்சல், இரத்த அழுத்தம் ஏறுதல், வலுவான வலி இருந்தும் பல மணி நேரமாகத் திறப்பு நகராமல் இருப்பது போன்றவை உண்மையான காரணங்கள். அவசரமில்லாத நேரத்தில் மருத்துவர் ஒரு சிகிச்சையைச் சொன்னால், “இப்போதே செய்யாமல் ஒரு மணி நேரம் பார்க்கலாமா? பார்த்தால் என்ன ஆபத்து?” என்று கேளுங்கள். “இல்லை, இப்போதே செய்தாக வேண்டும்” என்று காரணத்தோடு பதில் வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். வலி நின்றுபோய், பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியிருந்தால், ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸே சிசேரியனைத் தவிர்க்கும் கருவியாகவும் அமைவதுண்டு.

பிறந்தபின்

குழந்தை நலமாக இருந்தால் தொப்புள்கொடியை ஒரு நிமிடத்துக்கு முன் வெட்ட வேண்டியதில்லை. நஞ்சிலிருந்து வரும் இரத்தம் குழந்தையின் இரும்புச்சத்துக்கு உதவும். துடைத்து, உங்கள் வெறும் மார்பில் குப்புறப் போட்டு, மேலே துணி போர்த்தச் சொல்லுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் குழந்தை தானாகவே காம்பைத் தேடும். அந்தச் சீம்பால்தான் முதல் உணவு, சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ தொட்டுவைக்க யாரையும் விடாதீர்கள். எடை பார்ப்பது அதற்குப் பின் நடக்கட்டும்.

நஞ்சு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். பிறகு வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள், கருப்பை சுருங்கி உருண்டையாகக் கெட்டியாகிவிட்டதா என்பதை அறியவே அது. தையல் தேவைப்பட்டால் மரப்பு ஊசி போட்டபின்தான் ஊசி நூல் தொட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவ்வளவு வலி தாங்கியவளுக்கு இது என்ன என்ற எண்ணத்தில் சில இடங்களில் அதை விட்டுவிடுகிறார்கள். குழந்தைக்கு வைட்டமின் கே ஊசியும், 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும், பி.சி.ஜி.யும், போலியோ சொட்டும் போடப்பட்டு அட்டையில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆறு மணி நேரத்துக்குள் ஒரு முறையாவது சிறுநீர் கழித்துவிட வேண்டும். எரியும் என்று அடக்காமல், வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே கழித்தால் எரிச்சல் தெரியாது. மருத்துவமனையில் 48 மணி நேரமாவது இருங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலோ, பெரிய கட்டிகளாக இரத்தம் போனாலோ, காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, கடுந்தலைவலி, கெண்டைக்காலில் வீக்கத்தோடு வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும், பத்தியம், தீட்டு என்று காத்திராமல் உடனே போக வேண்டும். அரசு மருத்துவமனை என்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து விடும் வண்டி இலவசம், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கு உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையே அனுப்பிவிடும் என்றாலும், பெற்றோர் பெயரின் எழுத்துகளும் பிக்மி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே ஒரு முறை படித்துப் பார்த்துவிடுங்கள்.